வின்செஸ்டர் என்ற பெயரை நம்பி இன்றும் மான் வேட்டைக்குத் தோட்டா வாங்கலாமா? பழைய தரம் இருக்கிறதா?

கேள்வியில் "பழைய தரம்" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் அமெரிக்கா வந்து சில வருடம் ஆகியிருக்கும், ஆபீஸில் யாரோ நவம்பர் மான் சீசனுக்குக் கூப்பிட்டிருப்பார்கள், கடையில் தோட்டா அலமாரிக்கு முன்னால் எதை எடுப்பது என்று புரியாமல் நின்றிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எச்1பி விசா என்றால் முதல் வேலை வேட்டை லைசென்ஸ் எடுப்பது. அது இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் பொதுவாக மத்திய சட்டப்படியே குற்றம். சட்டம் தெரிந்தவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பதில் இதுதான்: வாங்கலாம், ஆனால் பெயருக்காக வாங்காதீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இன்று இருப்பது ஒரே கம்பெனி அல்ல.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் மிச்சிகனில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர். கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதியோர் இல்லத்துக்குப் போகும்முன் தன் அப்பாவின் வின்செஸ்டர் 94 ரைஃபிளை எனக்கு விற்றார். 1950களில் வாங்கியது. காட்டில் ஒற்றைக் கையால் நடுவில் பிடித்துத் தூக்கி நடப்பார்கள் இல்லையா, அந்த இடத்தில் கறுப்பு மெருகு முழுக்கத் தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னும். ஒரு குடும்பத்தின் உள்ளங்கை அறுபது வருடம் பட்ட இடம். இப்போது நானும் அங்கேதான் பிடிக்கிறேன்.

ஆலிவர் வின்செஸ்டர் துப்பாக்கித் தொழிலில் பிறந்தவர் இல்லை. கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் சட்டை தயாரித்து விற்ற முதலாளி. பணம் போட்டு நடத்தியவர் அவர். 1860-இல் ஹென்றி ரைஃபிளைச் செய்தது அவரிடம் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி. 1866-இல்தான் கம்பெனிக்கு வின்செஸ்டர் பெயர் வந்தது. என்னிடம் இருக்கும் 1894 மாடலை வடிவமைத்தது ஜான் பிரவுனிங். இப்படிப்பட்ட கம்பெனி 1931-இல் திவாலாகி, இல்லினாய் மாநிலத்தில் தோட்டா செய்துகொண்டிருந்த ஆலின் குடும்பத்திடம் போனது. கடையில் எல்லோரும் எடுக்கும் "சூப்பர் எக்ஸ்" கூட அந்தக் குடும்பத்தின் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பெனி 1922-லேயே வைத்த பெயர். 1981-இல் துப்பாக்கிப் பிரிவைத் தனியாக விற்றார்கள். நியூ ஹேவன் ஆலை 2006-இல் மூடியது. இன்றைக்கு வின்செஸ்டர் பெயரில் வரும் துப்பாக்கிகள் ஆலின் கம்பெனியிடம் உரிமம் வாங்கிச் செய்பவை. புதிய 94 ஜப்பானில் மிரோகு ஆலையிலிருந்து வருகிறது. தோட்டா மட்டும் இன்னும் ஆலின் கையில்.

ஆகவே "பழைய தரம்" என்றால் எதன் தரம்? துப்பாக்கியா, தோட்டாவா? துப்பாக்கி என்றால், 1964-இல் செலவைக் குறைக்கச் செய்முறையை மாற்றியதிலிருந்து பழைய ஆட்கள் மனம் விட்டுப்போனார்கள். பழைய 94 வாங்குவதானால் வரிசை எண் 27 லட்சத்துக்குக் கீழே இருக்கிறதா பாருங்கள். தோட்டா என்றால், என் அனுபவத்தில் இன்றைய தோட்டாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் குண்டை.

94-இல் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருக்கும் குண்டின் மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியிலுள்ள கேப்பில், அதாவது அடித்தால் தீப்பற்றும் இடத்தில், முட்டிக்கொண்டிருக்கும். மூக்கு கூராக, கெட்டியாக இருந்தால் சுடும்போது வரும் உதையில் உள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் என் 94-இல் போடும் 30-30 தோட்டாவுக்குத் தட்டை மூக்கு. கூர்மூக்கு வேண்டுமென்றால் இந்த மாதிரித் துப்பாக்கிக்கென்றே செய்த மெத்தென்ற ரப்பர் போன்ற முனை உள்ளதைத்தான் போட வேண்டும். பெரியவர் துப்பாக்கியைக் கொடுத்த அன்று முதலில் சொன்னது இதைத்தான்.

அவ்வளவு ஆசையாக வாங்கியும் எங்கள் பகுதியில் 94-ஐ வேட்டைக்கு எடுத்துப்போக முடியவில்லை. மிச்சிகனின் தென்பகுதியில் ரைஃபிள் என்றால் கழுத்து ஒடுங்காத, நேர்க்கூடுத் தோட்டாதான் செல்லும் என்ற விதி அப்போது இருந்தது. வீடுகள் நெருக்கம், குண்டு வெகுதூரம் போகக்கூடாது. 30-30 கழுத்து ஒடுங்கியது. வடக்கே போனால்தான் 94. ஊர்ப்பக்கத்துக்கு என்று .350 லெஜண்ட் தோட்டா போடும் ரைஃபிள் வாங்கினேன். இந்த மாதிரி மாநிலங்களை மனதில் வைத்தே வின்செஸ்டர் 2019-இல் கொண்டுவந்த தோட்டா அது. 150 கிரெயின் குண்டு, பத்து கிராம்கூட இல்லை. குழலை விட்டு விநாடிக்கு 2,325 அடி வேகத்தில் கிளம்புகிறது. உதை குறைவு. புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

இனி என் வீட்டில் நடந்தது. இரண்டாவது வருடம் ஒரு மான் கிடைத்தது. வேலை நாள் என்பதால் அறுத்துப் பொட்டலம் போட்டுத் தரும் ஒரு கடையில் கொடுத்தேன். கொத்துக்கறியில் வீட்டில் கோலா உருண்டை செய்தார்கள். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. கடித்தவள் வாயிலிருந்து எதையோ எடுத்து, "அப்பா, கல்லு" என்று நீட்டினாள். பாதிக் கடுகு அளவு சாம்பல் நிறத் துணுக்கு. நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழுந்தது. காகிதத்தில் தேய்த்தேன், பென்சில் கோடு மாதிரி இழுத்தது. ஈயம். மிச்சப் பொட்டலங்களை எல்லாம் அன்றைக்கே கொட்டினோம். மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை நானும் மனைவியும் தூங்கவில்லை.

ஈயக்குண்டு மானுக்குள் காளான்போல விரியும்போது ஓரம் உடைந்து தூளாகச் சிதறும். எந்தக் கம்பெனி செய்தாலும் ஈயத்தின் குணம் அதுதான். வடக்கு டகோட்டாவில் 2008-இல் ஏழைகளுக்குத் தானமாகக் கொடுத்த மான்கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உள்ளே ஈயத்துணுக்கு கண்டுபிடித்து, விநியோகத்தை நிறுத்தச் சொன்னார்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது. ஈயம் தின்று செத்த காண்டோர் கழுகுகளை வைத்து வந்த சட்டம். முழுச் செம்புக் குண்டு அப்படி உடையாது. இதழ் விரிந்தபடி ஒரே துண்டாக நிற்கும். விலை கூட. விரிய வேகமும் வேண்டும் என்பதால் தூரத்திலிருந்து சுடக்கூடாது. அன்றிலிருந்து நான் வின்செஸ்டரின் காப்பர் இம்பேக்ட் வரிசையைத்தான் வாங்குகிறேன். அவர்கள் விளம்பரத்துக்குச் சொல்கிறேன் என்று எழுத வராதீர்கள். வேறு கம்பெனிகளின் செம்புக்குண்டும் இருக்கிறது. என் துப்பாக்கி இதை ஒரே இடத்தில் போடுகிறது, அவ்வளவுதான்.

இதில் என்னால் இன்னும் ஆறமுடியாத ஒன்று உண்டு. அந்த ஈயம் என் குண்டுதானா என்பதே தெரியாது. நான் சுட்டது விலாவுக்குப் பின்னால், நுரையீரலில். சதையில் படவே இல்லை. கடையில் போய்க் கேட்டபோது, கொத்துக்கறி எல்லாம் ஐந்தாறு பேருடையது மொத்தமாகத்தான் அரைபடும் என்றார்கள். கூசாமல் சொன்னார்கள். யாரோ எங்கோ எப்படியோ சுட்ட மான், எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்ததோ, அதை என் பெயர் எழுதிய பொட்டலத்தில் போட்டு, என்னிடம் காசும் வாங்கியிருக்கிறார்கள். உங்கள் மானை உங்களுக்கே தருவார்களா என்று கொடுக்கும்முன் கேளுங்கள், முடிந்தால் எழுதி வாங்குங்கள். நான் இப்போது கார் ஷெட்டில் நானே அறுக்கிறேன். மாரியம்மன் பண்டிகைக்கு ஆடு உரிக்கும்போது மாமா பக்கத்தில் கால் பிடித்து நின்றவன், கை மறக்கவில்லை.

மான் கொல்வது பாவம் என்று எழுதப்போகிறவர்களுக்கு: எனக்கு ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். வேட்டைக் கதைகள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் ரைஃபிளோடு ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த காடுகள் எங்கள் பக்கத்துக் காடுகள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது, அங்கே அது சரி என்றே நானும் நினைக்கிறேன். இங்கே நிலைமை வேறு. மிச்சிகனில் மட்டும் வருடத்துக்கு 50,000-க்கும் மேல் கார்கள் மானில் மோதுகின்றன. நான் வாங்கும் ஒவ்வொரு தோட்டாப் பெட்டியிலும் 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி 11 சதவீத வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. சுட்டதை நாங்கள் வீணாக்குவதும் இல்லை.

கடைக்குப் போகும்போது துப்பாக்கிக் குழலில் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, நூறு கெஜத்தில் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதில் இன்னும் இரண்டு பெட்டி, அக்டோபருக்குள். 2020-இல் 30-30 ஒரு பெட்டிக்கு நான் நான்கு ஊர் சுற்றியும் கிடைக்கவில்லை. பெரியவர் தன் அலமாரியிலிருந்து பாதிப் பெட்டி எடுத்துக் கொடுத்தார்.