நான்கு மாலை வகுப்பும் ஒரு கிளினிக் காலையும்

கேள்வி: எனக்கு வயது 26. வெள்ளவத்தையில் அம்மாவுடன் இருக்கிறேன். தனியார் கம்பனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. ஜேர்மன் மொழியில் முதல் படியான ஏ-1 பாஸ் பண்ணி, அடுத்த படியான ஏ-2க்குப் பணம் கட்டியிருக்கிறேன். இடையில் ஜப்பான் மொழி, கொரியன், பிரெஞ்சு மூன்றையும் தொடங்கிவிட்டேன். வெளிநாடு போகும் எண்ணமில்லை, ஆசைதான். ஆனால் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. கிழமையில் நான்கு மாலை வகுப்பு, வீட்டுக்கு நேரமே இல்லை. அம்மாவைப் பிரஷர் கிளினிக்குக்குக்கூடக் கீழ்வீட்டுச் சிங்கள அன்ரிதான் கூட்டிக்கொண்டு போறா, எனக்குச் சிங்களமும் அவ்வளவாக ஓடாது. நான்கையும் சேர்த்துப் படிக்க ஒரு நேர அட்டவணை சொல்வீர்களா?

பதில்: தம்பி, அட்டவணை தரமாட்டேன். இதே கடிதம் எனக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது, மொழிகளின் பெயர்தான் மாறும். எல்லாரும் மயங்குவது முதல் பாடத்தில். கொரிய எழுத்து ஒரு கிழமையில் பிடிபட்டுவிடும். ஜப்பான் மொழியின் அடிப்படை எழுத்து வரிசையான ஹிரகனாவின் 46 எழுத்தும் ஒரு மாதத்தில் கைக்கு வரும். இரண்டு மொழியிலும் வினை கடைசியில் வருவதால் தமிழ்ப் பிள்ளைக்கு வசனம் லேசாக ஓடும். பிறகுதான் கன்ஜி, ஜப்பான் மொழியில் எழுதும் சீன எழுத்துகள். அன்றாடப் பாவனைக்கென்று ஜப்பான் அரசாங்கம் வகுத்த பட்டியலிலேயே 2136 எழுத்து. எண்களுக்கோ இரண்டு மொழியிலும் இரண்டிரண்டு வரிசை, வாய்க்குள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஜேர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் எந்தப் பால் என்று டெர், டீ, டஸ் சேர்த்துப் பாடமாக்க வேண்டும். அந்த இடம் வந்ததும் நீங்கள் இன்னொரு மொழியின் முதல் பாடத்துக்கு ஓடுகிறீர்கள்.

கணக்குப் பிரிவில் இருக்கிறவர், கணக்குப் பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பான் மொழி படிப்பிக்க ஏறத்தாழ 2200 மணித்தியால வகுப்பு ஒதுக்குகிறது. அவர்கள் ஆங்கிலத்திலிருந்து போகிறவர்கள். உங்களுக்குப் பாதி போதும் என்றே வைப்போம். கிழமைக்கு ஒரு மாலை, இரண்டு மணித்தியாலம் என்றால் பத்து வருசத்துக்கு மேல்.

அது போகட்டும். அம்மாவைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வசனம் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கடிதம். வகுப்பு மாலையில், கிளினிக் காலையில். பிறகெப்படி வகுப்பினால் நேரமில்லை என்கிறீர்கள்? வேலை என்று சொல்வீர்கள். ஏ-2 பரீட்சை வேலைநாளில் வந்தால் லீவு போடமாட்டீர்களா?

அந்த மேசையடியில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். அம்மா கிளினிக் கொப்பியை நீட்டுகிறா. டொக்டர் சிங்களத்தில் கேட்கிறார், அன்ரி பதில் சொல்கிறா. இரவில் தலை சுற்றுவதையும் அடிக்கடி சலம் போவதையும் அம்மா அன்ரியிடம் வாய் திறந்து சொல்வாவா? பெற்ற பிள்ளையிடம் சொல்லவே கூச்சப்படுகிற விசயங்கள் அவை. மருந்து உறையில் சிங்களத்தில் கிறுக்கியிருப்பதை வீட்டில் யார் வாசிக்கிறது? காலைக் குளிசையை இரவில் போட்டால்?

தமிழில் பதில் கேட்பது அம்மாவின் உரிமை. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடுதான் தமிழும் அரசகரும மொழியானது. எத்தனை பேர் இழந்து, அலைந்து கிடைத்த உரிமை அது! ஒருநாளும் விட்டுக்கொடுக்காதீர்கள், முறைப்பாடு எழுத வேண்டிய இடத்தில் எழுதுங்கள். ஆனால் அது அந்த மேசைக்கு வந்து சேரும்வரை அம்மாவின் பிரஷர் பொறுத்திருக்குமா?

அன்ரி செய்வது நல்ல மனதால். கடமை அவவுடையதல்ல, உங்களுடையது. பெற்றவளின் வைத்தியத்தை அயலவர் தலையில் கட்டிவிட்டு நாலு நாட்டுப் பாஷைக்கு அட்டவணை கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அதை மறைக்கவும் மாட்டேன்.

ஜேர்மனை வைத்துக்கொள்ளுங்கள், பணம் கட்டியாயிற்று. மற்ற மூன்றையும் இந்த மாதமே நிறுத்துங்கள். மிஞ்சும் மாலைகளில் இரண்டு சிங்களத்துக்கு. எழுத்தை வகுப்பில் படியுங்கள். தமிழைப் போல அங்கேயும் பேச்சு வேறு, எழுத்து வேறு. அதனால் பேச்சுக்கு அன்ரியிடம் போங்கள். மற்ற மாலை அம்மாவோடு வீட்டில் இருங்கள்.

அடுத்த கிளினிக் நாளுக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுங்கள். முதல்நாள் இரவு அம்மாவிடம் என்னென்ன வருத்தம் என்று ஆறுதலாகக் கேளுங்கள். அன்ரியிடம் சொல்லச் சங்கடப்படுகிறவற்றையும் கேளுங்கள். அவற்றைச் சிங்களத்தில் எழுதிப் பழகுங்கள். அன்ரியும் கூட வரட்டும், ஆனால் டொக்டரிடம் பேசுவது நீங்கள். மூன்று வகுப்புக் காசும் திரும்பக் கிடைக்காது. போகட்டும்.