பைபாஸ் தையலில் கசிவு: மிச்ச ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பைபாஸ் முடிந்து இரண்டு வாரத்தில் அப்பாவின் நெஞ்சுத் தையலில் மஞ்சளாகக் கசிகிறது என்றால் இன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள். கசிவைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு) எடுக்கும் முன்பே வீட்டில் கிடக்கும் ஆன்டிபயாட்டிக் உள்ளே போனால் எந்தக் கிருமி என்று பிடிபடாமலே போகலாம்.

அப்பாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது என்றால், புண் ஆறாததற்கு அதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம். தொற்று தோலோடு நின்றிருந்தால் திறந்து சுத்தம் செய்து, கட்டு மாற்றி, தேவைப்பட்டால் மருந்தும் கொடுத்து ஆற்றிவிடுவார்கள்.

இருமும்போது நெஞ்செலும்பு 'களுக்' என்று அசைகிறதா என்று அவரிடம் கேளுங்கள். ஆம் என்றால் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள், எலும்புக்குள் இறங்கிய தொற்றுக்கு மறு ஆபரேஷன், வாரக்கணக்கில் ஊசி மருந்து என்று நீளும்.

அசையவில்லை, காய்ச்சலும் இல்லை என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள், சர்க்கரைக்காரர்களுக்கு உள்ளே பரவியும் வெளியே தெரியாமல் இருக்கும். அப்புறம், புண்ணில் மஞ்சள்தூள் போடுவது வேண்டவே வேண்டாம்.