பெம்ப்ரோலிசுமாப்: 48 கிலோ எடை உள்ளவருக்கும் 200 மில்லிகிராம்தானா?

கேள்வி: என் அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், வயது 67, எடை 48 கிலோ. அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் மூன்று வாரத்திற்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் 200 மில்லிகிராம் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். எடையைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவா? அரை மணி நேரத்தில் ஏறிவிடும் மருந்து மூன்று வாரம் தாங்குமா? அன்றைக்கு என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

நான் மருத்துவர் இல்லை. என் அம்மாவுக்கு இதே நோய்க்கு இதே மருந்தை 2023 மார்ச் முதல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஏற்றினோம். ஒவ்வொரு முறையும் பெரம்பூரிலிருந்து உடன் சென்று, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் முதல் கேள்வி மிக முக்கியமானது. அதை நாங்கள் மூன்று தவணை கழிந்த பிறகுதான் கேட்டோம்.

கீமோ மருந்து செல்லை நேரடியாகக் கொல்வது. அதனால் உயரம், எடை, சிறுநீரகத்தின் நிலை எல்லாவற்றையும் பார்த்துக் கணக்கிட்டுக் கொடுப்பார்கள். அளவு கூடினால் நோயாளிக்கே ஆபத்து. பெம்ப்ரோலிசுமாப் புற்றுசெல்லைத் தொடுவதே இல்லை. நம் நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களின் மேல் பிடி-1 என்றொரு புரதம் இருக்கிறது. அதைப் புற்றுசெல் பிடித்து அழுத்தினால் டி செல் சும்மா நின்றுவிடும். மருந்து முந்திச் சென்று அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வதால் புற்றுசெல்லுக்கு அழுத்த இடம் கிடைப்பதில்லை. உடலில் உள்ள பிடி-1 இடங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மருந்து அமர்ந்துவிட்ட பிறகு, அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் அமர இடமில்லை. இந்த வகைத் தடையை அகற்றிச் சிகிச்சை அளிக்கலாம் என்று கண்டறிந்ததற்காகத்தான் ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவருக்கும் 2018ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது அளவுக்கு வருகிறேன். 2014இல் அமெரிக்காவில் இந்த மருந்து முதன்முதலில் தோல் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டபோது, அளவு கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்றுதான் இருந்தது. நுரையீரல் புற்றுநோயில் கிலோவுக்கு 2 மில்லிகிராமையும் 10 மில்லிகிராமையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐந்து மடங்கு கூடுதலாகக் கொடுத்தும் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை. பிறகு கலப்பதற்கும் கணக்கு வைப்பதற்கும் எளிதாக இருக்கும் என்று எல்லோருக்கும் 200 மில்லிகிராம் என்ற ஒரே அளவு வழக்கத்துக்கு வந்தது. ஆறு வாரத்திற்கு ஒருமுறை 400 மில்லிகிராம் என்ற முறைக்கும் 2020இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கனடாவில் இன்றும் பல இடங்களில் கிலோவுக்கு 2 மில்லிகிராம், அதிகபட்சம் 200 என்று எடை பார்த்தே கொடுக்கிறார்கள்.

உங்கள் அப்பாவின் எடையை இதில் வைத்துப் பாருங்கள். 48 கிலோவுக்கு 96 மில்லிகிராம். ஒரு குப்பியில் இருப்பது 4 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம். அதாவது இரண்டு குப்பி வாங்கும் இடத்தில் ஒரு குப்பி. இலட்சக்கணக்கில் செலவாகும் மருந்தில் இந்த வேறுபாடு, நகையை அடகு வைப்பதா, வீட்டை விற்பதா என்ற கேள்வியாகவே மாறிவிடுகிறது. என் அம்மாவின் எடை 46 கிலோ. நான்காவது தவணைக்கு முன் மருத்துவரிடம் இதைத் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஸ்கேனையும் எடையையும் மறுபடி பார்த்துவிட்டு, "உங்க அம்மா எடைக்கு நூறு போதும், தாராளமா மாத்திக்கலாம்" என்றார். கடைசித் தவணை வரை 100 மில்லிகிராமே ஏறியது. இதை நீங்களாக முடிவு செய்து ஒரு குப்பியோடு போய் நிற்காதீர்கள். மருத்துவரே எழுதித் தர வேண்டும். ஆனால் கேட்பதில் தவறே இல்லை, கேட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேறோர் ஆய்வும் உங்கள் காதில் விழும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு, நிவோலுமாப் என்ற இதே வகை மருந்தை வெறும் 20 மில்லிகிராம் அளவில், மூன்று மாத்திரை மருந்துகளோடு சேர்த்து, மூன்று வாரத்திற்கு ஒருமுறை கொடுத்தார்கள். மாத்திரைகளை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம், நிவோலுமாபும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். நிவோலுமாபின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். ஆனால் அது வேறு புற்றுநோய், வேறு மருந்துச் சேர்க்கை. உங்கள் அப்பாவுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்று வாரம் தாங்குமா என்றால், நன்றாகவே தாங்கும். உடலில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 22 நாள் ஆகிறது. அடுத்தடுத்த தவணைகளில் சேர்ந்து சேர்ந்து, சுமார் 16 வாரத்தில் ஒரு நிலையான அளவை எட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்மாவின் தவணை 5ஆம் தேதி. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மின்சாரம் இல்லை, தொலைபேசியும் இல்லை. எட்டு நாள் தள்ளித்தான் போக முடிந்தது. அந்த எட்டு இரவும் நான் தூங்கவில்லை. மருத்துவரோ, சில நாள் தள்ளிப்போவதால் இந்த மருந்தில் பெரிய இழப்பில்லை என்று சொல்லி அன்றே ஏற்றினார். எனவே காய்ச்சலோ மழையோ குறுக்கிட்டால் பதறாமல் தொலைபேசியில் கேட்டுத் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

மருந்தை மருத்துவமனையே வாங்கித் தந்தால் உங்களுக்கு வேலை மிச்சம். எங்களைப் போல வெளியில் வாங்கிக் கொண்டுபோவதாக இருந்தால், குளிர்ச்சி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஆனால் உறைந்துவிடக் கூடாது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக்கை வைத்து, அதன்மேல் அட்டையோ துணியோ போட்டு, குப்பி நேராக ஐஸில் படாதபடி வைப்பேன். வழக்கமாக 29சி பேருந்தில் போகிறவன், மருந்து கையில் இருக்கும் நாளில் மட்டும் ஆட்டோவில்தான் போவேன்; மே மாத வெயிலில் நெரிசலில் நின்றபடி அந்தப் பெட்டியைத் தூக்கிப் போக மனம் ஒப்பவில்லை.

மருந்தை ஏற்றி அன்றே வீட்டுக்கு அனுப்பும் டே கேர் பிரிவில் முதலில் எடை, காய்ச்சல், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். முந்தைய நாளே ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு பரிசோதனை முடிவுகள் கையில் இருக்க வேண்டும். மருந்து கண்ணாடி போலத் தெளிவாகவோ இலேசான மஞ்சளாகவோ இருக்கும். அதைக் குலுக்க மாட்டார்கள். சலைன் பையில் சேர்த்து, பையை மெல்லத் தலைகீழாகச் சாய்த்துக் கலப்பார்கள். ஏறுகிற நேரம் 30 நிமிடம். குழாயின் நடுவே நுண்ணிய துளைகள் உள்ள ஒரு வடிகட்டி கட்டாயம் இருக்க வேண்டும். ஒருமுறை புதிதாக வந்திருந்த செவிலியர் சாதாரண ட்ரிப்ஸ் குழாயை மாட்டிவிட்டார். "சிஸ்டர், போன தடவை நடுவுல ஒரு சின்ன வட்டமான ஃபில்டர் இருந்ததே?" என்று கேட்டேன். அவர் உடனே நிறுத்தி, சீட்டைப் பார்த்து, குழாயை மாற்றினார். பணிவாகக் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கீமோவும் அதே நாளில் இருந்தால் இந்த மருந்தை முதலில் ஏற்றிய பிறகுதான் கீமோ.

ஏறும்போது குளிர் நடுக்கம், அரிப்பு, மூச்சு முட்டல் வருவது குறைவு. வந்தால் உடனே சொல்லுங்கள், நிறுத்திப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு ஒருமுறைகூட அப்படி நேரவில்லை. "இதுக்கா இவ்வளவு பயந்தோம்" என்று முதல் நாளே இட்லி சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினார். அன்று ஒன்றும் ஆகவில்லை என்பதால் நாங்கள் அசட்டையாக இருந்துவிட்டோம். இந்த மருந்தின் பக்கவிளைவு வாரங்கள், மாதங்கள் கழித்து வரும். ஏன், நிறுத்திய பிறகும் வரலாம். தடை நீங்கிய டி செல்கள் சில சமயம் நம் குடலையும் நுரையீரலையும் தைராய்டையும் கல்லீரலையுமே தாக்கத் தொடங்கும்.

ஒன்பதாவது தவணைக்குப் பின் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, மோரும் கடையில் வாங்கிய மாத்திரையும் கொடுத்து மூன்று நாள் ஓட்டினோம். நான்காம் நாள் எட்டு முறை போய், எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அது மருந்தினால் வந்த குடல் அழற்சி. நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோனைத் தினமும் 40 மில்லிகிராம் கொடுத்து, ஆறு வாரத்திற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அது 10 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிய பிறகே அடுத்த தவணை. கீமோவைப் போலப் பக்கவிளைவைப் பார்த்து அளவைக் குறைக்கும் வழக்கம் இதில் இல்லை. நிறுத்தி வைப்பார்கள், அல்லது அடியோடு நிறுத்துவார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் அம்மா அவ்வளவு துவண்டிருக்க மாட்டார் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆகவே வழக்கத்தைவிடக் கூடுதலாக மலம் போவது, புதிதாக இருமல், படியேறும்போது மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி, தோலில் தடிப்பு, கண் மஞ்சளாவது, அடங்காத தலைவலி, இவற்றில் எது வந்தாலும் பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். புற்றுநோய் மருத்துவரை அன்றே அழையுங்கள். வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் "கீமோ போடுகிறோம்" என்று சொல்லாமல், "இம்யூனோதெரபி, பெம்ப்ரோலிசுமாப்" என்று பெயரைச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

செவ்வாய்க்கு இன்னும் நாள் இருக்கிறது. திங்களுக்குள் அப்பாவை ஒருமுறை சரியான எடைக்கருவியில் நிறுத்தி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். "எடைக்குக் கிலோவுக்கு இரண்டு மில்லிகிராம் கணக்கில் கொடுக்கலாமா டாக்டர்?" என்பதையும், மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம் ஏதேனும் உண்டா என்பதையும், இரவில் அழைக்க வேண்டிய எண் எது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அன்று காலை அப்பாவுக்கு வயிறு நிறையக் கொடுத்து, முழங்கைக்கு மேல் எளிதாக மடிக்கக்கூடிய தளர்வான சட்டையை அணிவித்து, ஏ.சி. குளிருக்கு ஒரு போர்வையும் எடுத்துச் செல்லுங்கள்.