கிறிப் அறிக்கையில பிழையா? கேளுங்க, சொல்றன்

கிறிப் (CRIB) எண்டது இலங்கைக் கடன் தகவல் பணியகம். உங்கட பேரில என்ன கடன் இருக்கு, எப்படிக் கட்டினீங்க எண்டதத்தான் அதிட அறிக்கை காட்டும். வங்கிக் கடன் பிரிவில இருந்து ஓய்வு எடுத்த ஆள் நான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்து வந்த கேள்விகளுக்கு இண்டைக்குப் பதில்.

களுவாஞ்சிக்குடியில இருந்து: சேர், என்ட பேரக் கறுப்புப் பட்டியல்ல போட்டிருக்காம். எடுத்துவிடச் சொல்லி யாருக்கு எழுதுற?

அப்படி ஒரு பட்டியலே கிறிப்பில இல்ல, தங்கச்சி. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால வந்த பணியகம் அது. வங்கியும் லீசிங் கொம்பனியும் அனுப்புற கணக்கச் சேர்த்து வைக்குது, அவ்வளவுதான். கடன் தாறதும் மறுக்கிறதும் வங்கிட முடிவு. உங்கட அறிக்கைய எடுக்கிற வழிய வங்கிக் கிளையில கேளுங்க. அதப் பார்த்த பிறகு எழுதலாம்.

ஏறாவூர்: ஓட்டோ லீசிங் கட்டி முடிச்சு ஒரு வருசம். இன்னும் நிலுவை காட்டுது.

ஆகக் கூட வாற கேள்வி இதுதான். பணியகம் தானா எதையும் அழிக்காது. தகவல் அனுப்பின கொம்பனிதான் திருத்தி அனுப்போணும். அதனால கடிதம் கொம்பனிக்கு, பிரதி கொழும்பில பணியகத்துக்கு. குடும்பக் கஷ்டமெல்லாம் அதில எழுத வேணாம். நான் எழுதிக் குடுக்கிறது இப்படி:

“எனது அறிக்கையில் இந்த இலக்கமுடைய லீசிங் நிலுவையாக உள்ளது. இன்ன திகதியில் முழுதாகச் செலுத்தி முடித்தேன். முடிவுக் கடிதமும் கடைசிப் பற்றுச்சீட்டும் இணைத்துள்ளேன். திருத்தி, எழுத்தில் அறிவிக்கவும்.”

போட்டோக் கொப்பி மட்டும் வைங்க, மூலத்தக் குடுத்திராதீங்க. பதிவுத் தபால்ல அனுப்பி அந்தத் துண்டப் பத்திரப்படுத்துங்க. என்ட மச்சினனுக்கு ஒரு கொம்பனி, “கடிதம் வரவே இல்ல” எண்டு ரெண்டு மாசம் சொன்னது. மை மங்கின துண்ட மேசையில வைச்சான். மறுகாதான் அலுமாரிக்குள்ள இருந்து கோப்பு வந்தது.

அக்கரைப்பற்று: நான் கடனே எடுக்கல்ல. மாமாட உழவு மெசினுக்குப் பிணைக் கையெழுத்து மட்டும்.

பிணையும் உங்கட அறிக்கையில விழும். அது பிழையில்ல, எழுதிப் பிரயோசனமும் இல்ல. மாமாவப் பிடிங்க.

கல்முனை: பேரே கேள்விப்படாத கொம்பனிட கடன் ஒண்டு என்ட கணக்கில கிடக்கு.

அடையாள அட்டை இலக்கத்த ஒவ்வொண்டாச் சரிபாருங்க. பழைய அட்டையில 9 இலக்கமும் ஒரு எழுத்தும், புதுசில 12. ஒண்டு மாறித் தட்டினாலும் ஆள் மாறும். கடன் ஒப்பந்தப் பிரதி கேட்டு எழுதுங்க. கையெழுத்து உங்கட இல்லாட்டி பொலிஸ் முறைப்பாடு போட்டு, அந்தப் பிரதியையும் சேர்த்து அனுப்புங்க.

வாழைச்சேனை: 15,000 தந்தா பேர அழிச்சுத் தாறன் எண்டு ஒருத்தர் சொல்றார்.

பணியகத்துக்குள்ள அவர்ட கை போகாது, தம்பி. காச விடுங்க, அடையாள அட்டைக் கொப்பி குடுத்திட்டீங்களா? அத முதல்ல சொல்லுங்க.