சந்தைக்கு வரும் பிள்ளைக்கு ஒரு வேலை வேண்டும்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. மளிகை வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனால் சிப்ஸ், சாக்லேட் கேட்டு இரண்டு பேரும் ஒரே ரகளை. "கடைக்குக் கூட்டிப் போங்க, கணக்கு தானா வரும்" என்கிறார் மகனின் டீச்சர். "பிள்ளைகளை விட்டுட்டுப் போ, வேலை சீக்கிரம் முடியும்" என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, வடசேரி, நாகர்கோவில்

பதில்: வார நாட்களுக்கு மாமியார் சொல்வதுதான் சரி, சகோதரி. பள்ளி விட்டு, எல்லோரும் பசியோடு இருக்கும் சாயங்கால நேரத்தில் கடையில் எந்தப் பாடமும் ஏறாது. டீச்சர் சொன்னதைச் சனிக்கிழமை காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள்.

முதலில் சூப்பர் மார்க்கெட்டை விடுங்கள். உங்கள் ஊரிலேயே கனகமூலம் சந்தை இருக்கிறது. ஏசி கடையில் பாதிச் சாமான் எடை போட்டு ஒட்டியே இருக்கும். பிள்ளைக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. சும்மா இருக்கும் கை சாக்லேட்டுக்குத்தான் போகும். பில் போடும் இடத்தில் அதைக் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் அடுக்குகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான்.

சந்தையில் மகனுக்கு ஒரு வேலையை முழுசாகக் கொடுங்கள். "இன்னைக்கு அவியலுக்குக் காய் உன் பொறுப்பு" என்று ஒரு நூறு ரூபாய் நோட்டு. நோட்டாகவே கொடுங்கள். நாம் போனைக் காட்டி ஸ்கேன் பண்ணுவதையே பார்த்து வளரும் பிள்ளைக்குக் காசு குறைவது கண்ணில் படுவதில்லை. சீனியவரைக்காய் கிலோ 60 ரூபாய், கால் கிலோ வேண்டும் என்று வையுங்கள். 15 ரூபாய் என்று மனசுக்குள் போட்டு வைத்திருப்பான். தராசு 270 கிராம் காட்டும். "இருக்கட்டா மக்களே?" என்பார் கடைக்கார அக்கா. அந்த 20 கிராமுக்கு எவ்வளவு கூடும், அதைக் கொடுத்தால் முருங்கைக்காய்க்குக் காசு மிஞ்சுமா? அவன் யோசிக்கிற அந்த அரை நிமிடம் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. கஷ்டம்தான். சேனை வாங்க மறந்துவிட்டானா, அன்றைக்குச் சேனை இல்லாத அவியல். திரும்ப ஓடிப்போய் நீங்கள் வாங்கி வராதீர்கள்.

"இது எத்தனை, அது என்ன நிறம்" என்று வழியெல்லாம் கேள்வி கேட்கவும் வேண்டாம். சந்தை டியூஷன் ஆகிவிட்டால் அடுத்த வாரம் வயிற்று வலி வந்துவிடும்.

மகளுக்கு இப்போது கணக்கு வேண்டாம். பழக்கடையில் விடுங்கள். மட்டி, செவ்வாழை, ரசகதலி, ஏத்தன் என்று இத்தனை குலை ஒரே கடையில் தொங்கும் ஊர் நம்முடையது. கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. இன்றைக்குத் தின்ன எது, நாளை மறுநாளுக்கு எது என்று அவள் பிரித்து எடுக்கட்டும்.

மீனுக்கு மாமியாரைக் கூட்டிப் போங்கள். செவுளைத் தூக்கி உள்ளே சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, விரலால் அமுக்கினால் குழி விழுகிறதா என்று அவர் பார்ப்பதைப் பேரன் பார்க்கட்டும். விட்டுட்டுப் போகச் சொன்னவரே அடுத்த வாரம் கிளம்பி நிற்பார். "போன மாசம் இந்த விலை இல்லையே" என்று பையன் கேட்டால் தடைக்காலத்தைச் சொல்லுங்கள். சின்னமுட்டம் இருக்கும் கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் நம் மாவட்டத்தில் இரண்டு பக்கமும் தடை. அப்போது வள்ளமும் கட்டுமரமும் கொண்டுவருவதுதான் நம் கரை மீன்.

அப்புறம் அந்தச் சிப்ஸ். வீட்டை விட்டு இறங்கும்போதே "ஆளுக்கு ஒண்ணு, பத்து ரூபாய்க்குள்ள" என்று பேசி முடித்துவிடுங்கள். கடையில் வைத்துப் பேரம் பேசினால் அழுகைதான் ஜெயிக்கும். மகனிடம் பாக்கெட்டில் எத்தனை கிராம் என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்து ரூபாய்க்கு 25 கிராம் என்றால் கிலோ 400 ரூபாய் ஆகிறது. பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வரும். இரண்டாவதாக என்ன இருக்கிறது என்று வாசிக்கட்டும். ஏத்தங்காய் சிப்ஸ் கிலோ என்ன விலை என்றும் அவனே விசாரிக்கட்டும். அதற்குப் பிறகும் பாக்கெட்தான் வேண்டும் என்றால், சரி, வாங்கிக் கொடுங்கள்.