பட்டறைப் பக்கம்: வண்டி நிக்கிறப்ப பின்னாடி யாரோ இடிக்கிறாங்க!

கேள்வி: அண்ணே வணக்கம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இருந்து பாலக்காட்டுக்கு காய்கறி லோடு அடிக்கிறேன். ஒன்றரை டன் பிக்கப், டீசல், அஞ்சு கியர், 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. மூணு மாசமா பிரேக் பிடிச்சு வண்டி நிக்கப் போற அந்த கடைசி நேரத்துல அடியில டர்ர்ர்னு ஒரு உதறல், நின்ன உடனே 'டொக்'னு பின்னாடி இருந்து ஒரு தள்ளு. ரெண்டு தடவை நெஜமாவே எவனோ இடிச்சுட்டான்னு இறங்கிப் போய் பார்த்தேன்ணே, பின்னாடி ஒரு சைக்கிள் கூட இல்ல. லோடோட போறப்ப வராது, இறக்கிட்டு காலியா திரும்பறப்ப தான் வருது. முன்னாடி டிஸ்க், பேட் மாத்தியாச்சு, பின் டிரம்மை லேத்துல கொடுத்து கடைஞ்சாச்சு, இன்ஜின் மவுண்டிங்கும் மாத்தியாச்சு, பதினாலாயிரம் போச்சு. இப்ப ஹவுசிங்கை (பின் ஆக்சில் கூடு) இறக்கிப் பார்க்கணும்னு மெக்கானிக் சொல்றார். இறக்கலாமா?
(ஒட்டன்சத்திரம் வாசகர்)

பதில்: இறக்காதீங்க தம்பி, கொஞ்சம் பொறுங்க. பாதி பதிலை நீங்களே எழுதிட்டீங்க, 'காலியா திரும்பறப்ப தான்'னு சொன்னீங்க பாருங்க, அது தான். மெக்கானிக்கிட்ட இதை சொன்னீங்களான்னு தெரியல, சொல்லியிருந்தா டிஸ்க் மாத்தியிருக்க மாட்டார்.

டிஸ்க் கோளாறு எப்படி இருக்கும்னா, 60, 70 வேகத்துல பிரேக்கை மிதிச்சா ஸ்டீயரிங் கையில உதறும், பெடல் பாதத்துல துடிக்கும், வேகம் குறையக் குறைய அடங்கிடும். டிஸ்க்கோட கனம் சுத்தி வர்றப்ப 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே போதும், உதறல் தெரியும். அது தலைமுடியில பாதி கூட இல்ல, கண்ணால பார்த்து 'டிஸ்க் வளைஞ்சிருச்சு'ன்னு சொல்றவரை நம்பாதீங்க, டயல் கேஜ், மைக்ரோமீட்டர் வச்சுப் பார்க்கணும். உங்களுக்கு வர்றது நேர் எதிர், நிக்கப் போறப்ப தான் ஆரம்பிக்குது.

காசு செலவில்லாம ரெண்டு சோதனை பண்ணுங்க. ஆளில்லாத ரோட்டுல 40ல போய் நியூட்ரல் தட்டி பிரேக் பிடிச்சு நிறுத்துங்க. உதறல் காணாம போச்சுன்னா வேற எங்கயும் தேட வேணாம், கிளட்ச் மிதிக்காம கடைசி வரைக்கும் கியர்லயே கொண்டு வர்ற பழக்கம் தான், ஐடிலுக்குக் கீழ இழுத்தா எந்த டீசல் இன்ஜினும் ஆடத்தான் செய்யும். நியூட்ரல்லயும் வந்துச்சுன்னா அடுத்தது ஹேண்ட் பிரேக். 20 வேகத்துல, பின்னாடி வண்டி எதுவும் இல்லைன்னு பார்த்துட்டு, பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே மெதுவா இழுங்க, வெடுக்குன்னு இழுத்துடாதீங்க. பின் டிரம்ல வேலை செய்யுற ஹேண்ட் பிரேக்னா முன் டிஸ்க்குக்கு இதுல பங்கே இல்ல. அப்பவும் அதே 'டொக்' வந்தா விஷயம் பின்னாடி தான்.

எனக்கு சந்தேகம், கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்கு சுழற்சியைக் கொண்டு போற புரொப்பல்லர் ஷாஃப்ட்ல இருக்கிற ஸ்லிப் ஜாயிண்ட் மேல. பிரேக் பிடிக்கிறப்ப சக்கரம் சுத்துற திசையிலயே ஹவுசிங்கையும் சேர்த்து முறுக்கப் பார்க்கும், அதனால ஷாஃப்ட் வந்து மாட்டுற பினியன் மூக்கு கீழ குனியும், பட்டை (லீஃப் ஸ்பிரிங்) லேசா எஸ் மாதிரி நெளியும். அதே நேரம் வண்டி முன்னாடி குனிஞ்சு பின்பக்கம் தூக்கும். இதுக்கெல்லாம் ஈடு கொடுக்க ஷாஃப்ட் கொஞ்சம் நீளணும், அதுக்குத்தான் அந்த பல்லு வெட்டுன ஸ்லீவ். வண்டி நின்ன உடனே முறுக்கு விட்டுப் போய் ஹவுசிங் பழைய இடத்துக்கு வரும், ஸ்லீவ் வழுக்கிட்டு உள்ள போகணும். அங்க கிரீஸ் இல்லைன்னா போகாது, பிடிச்சுக்கிட்டு நிக்கும், விட்டு விட்டு வழுக்குறது தான் அந்த டர்ர்ர், கடைசியா படக்குன்னு விடுறது தான் உங்களை இறங்க வச்ச 'டொக்'.

அப்ப லோடுல ஏன் வரலன்னு கேப்பீங்க. லோடு ஏறுனா பட்டை தட்டையாகும், ஸ்லீவ் வேற இடத்துல நிக்கும். போன வருஷம் எங்க பட்டறைக்கு பால் வண்டி ஒண்ணு இதே மாதிரி வந்துச்சு, கழட்டி பல்லைத் துடைச்சுப் பார்த்தா ரெண்டு இன்ச்சுக்கு மட்டும் வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கு, அதைத் தாண்டி செம்மண் கலர்ல துரு. லோடுல அந்த பளபள இடத்துலயே ஓடிக்கிட்டு இருந்திருக்கு, காலியானா துருவுல போய் மாட்டுது. விசாரிச்சா தினமும் வாட்டர் சர்வீஸாம். பிரஷர்ல அடியில தண்ணி அடிச்சா சேறு மட்டுமா போகும், கிரீஸும் சேர்ந்து தான் போகும். காய்கறி வண்டி, நீங்களும் அடிக்கடி கழுவுவீங்கன்னு நினைக்கிறேன்.

வைத்தியம் கிரீஸ் கன் தான். ஸ்லீவ்ல கிரீஸ் ஏத்துற நிப்பிள் இருந்தா துணியால துடைச்சுட்டு அடிங்க (துடைக்காம அடிச்சா மண்ணையும் சேர்த்து உள்ள ஏத்துறீங்க). பல வண்டில ஸ்லீவ் முனையில ஒரு மூடி, அதுல சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா கிரீஸ் எட்டிப் பார்த்ததும் ஓட்டையை விரலால அடைச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் அடிச்சா மறுபக்கம் சீல் வழியா வரும், அங்க நிறுத்திடுங்க. வேகமா திணிச்சா மூடியே தெறிச்சுடும். அப்படியே ஷாஃப்ட் முனையில கூட்டல் குறி மாதிரி இருக்கிற ஜாயிண்ட் கிராஸ்லயும் அடிங்க, நாலு கப்புலயும் கிரீஸ் பிதுங்கணும், மூணுல வந்து ஒண்ணுல வரலைன்னா அந்த கப்பு காய்ஞ்சு கிடக்கு, கிராஸை மாத்துங்க. ஷாஃப்டை நடுவுல தாங்குற சென்டர் பேரிங் ரப்பர் கிழிஞ்சிருக்கான்னு கையால ஆட்டிப் பாருங்க, பட்டையை ஹவுசிங்கோட சேர்த்துக் கட்டுற யூ போல்ட்டை ஒரு தடவை டைட் வைங்க.

நிப்பிள் இல்லைன்னா கழட்டித்தான் ஆகணும். கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்லீவையும் ஷாஃப்ட்டையும் சேர்த்து பெயிண்ட்ல ஒரு கோடு இழுத்துடுங்க. பல்லு மாறி மாட்டினா ரெண்டு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கிற கவட்டை) ஒரே வாக்குல நிக்காது, ஒரு உதறலுக்கு வைத்தியம் பார்க்கப் போய் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வருவீங்க. சக்கரத்துக்கு கல்லு வைங்க, ஷாஃப்ட் கழண்டா கியர்ல போட்டிருந்தாலும் வண்டி உருளும்.

நீங்க எழுதாத ஒண்ணைக் கேக்குறேன், எக்ஸ்ட்ரா பட்டை போட்டிருக்கீங்களா? மார்க்கெட் வண்டில முக்கால்வாசி போட்டிருப்பாங்க. போட்டா காலி வண்டி பின்பக்கம் தூக்கிட்டு நிக்கும், பினியன் கோணம் மாறும், கிரீஸ் அடிச்சும் உதறல் முழுசா போகாது. அதைவிட மோசம், ஹவுசிங்ல இருந்து லோடு சென்சிங் வால்வுக்கு ஒரு ராடு போகுமே, அது பட்டை எவ்வளவு அமுங்குதோ அதை வச்சுத்தான் பின் பிரேக்குக்கு பிரஷர் விடும். நீங்க பட்டையை கெட்டியாக்கிட்டா முழு லோடு ஏத்தியும் வண்டி காலின்னு அது நினைச்சுக்கும். முன் பிரேக்கே எல்லா பாரத்தையும் சுமந்து சூடேறும். புது டிஸ்க்கும் சீக்கிரமே போயிடும். அந்த ராடை செட் பண்ணாம பட்டை மட்டும் போட்டு அனுப்புற பட்டறைங்க மேல எனக்கு ரொம்ப நாளா கோவம் உண்டு.

கேள்வி: சார், என் பிக்கப்ல ஏபிஎஸ் உண்டு. பத்துக்கும் கீழ வேகம் வந்து நிக்கப் போறப்ப பெடல் கால்ல கரகரன்னு தள்ளுது, காய்ஞ்ச ரோட்டுல கூட. வார்னிங் லைட் எரியல.
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: கடல் காத்து ஊரா, வீல் சென்சார் பக்கம் துரு இருக்கும். சென்சார் உட்கார்ற இடத்துல துரு பூத்து அதை மேல தூக்கிடும், இல்லைன்னா சென்சார் படிக்கிற பல்லு ரிங்குல விரிசல். மெதுவா போறப்ப சிக்னல் பலவீனமாகி திடீர்னு விட்டுப் போகும், சக்கரம் லாக் ஆயிடுச்சுன்னு ஏபிஎஸ் தப்பா நினைச்சு பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். மைதானத்துல ஏபிஎஸ் ஃபியூஸை எடுத்துட்டு மெதுவா ஓட்டிப் பாருங்க, கரகர நின்னா அதே தான். ஃபியூஸை மறக்காம திரும்ப மாட்டுங்க. சென்சாரைக் கழட்டி அடியில துருவை எமரி ஷீட்ல தேய்ச்சு எடுத்தாலே பல வண்டி சரியாயிருக்கு.

கேள்வி: ஆட்டோமேட்டிக் பிக்கப், நிக்கிறப்ப இன்ஜின் ஆஃப் ஆகுற மாதிரி குலுங்குது, நியூட்ரல்ல போட்டா குலுக்கல் நின்னுடுது. பிரேக்கா?
(கோவை வாசகர்)

பதில்: பிரேக் இல்ல. டார்க் கன்வெர்ட்டர்ல இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரா பூட்டுற லாக்கப் கிளட்ச் நேரத்துக்கு விடுபடல போல, மேனுவல் வண்டில கிளட்ச் மிதிக்காம நிறுத்துற கதை தான். முதல்ல கியர் ஆயில் அளவையும் நிறத்தையும் பாருங்க, கருத்துப் போய் தீஞ்ச வாடை வந்தா ஆட்டோமேட்டிக் தெரிஞ்சவர்கிட்ட நேரா போங்க, அதுவரைக்கும் லோடு ஏத்தாதீங்க.