உங்களுக்குப் புதுசு, ஊருக்குப் பழசு

கேள்வி: எங்கள் இணையதளத்தில் போன் நம்பரையும் விலைப்பட்டியல் படத்தையும் மாற்றி மூன்று நாள் ஆகிறது. எனக்குப் புதியது தெரிகிறது; வாடிக்கையாளர்களுக்குப் பழையதே வருகிறது. தளத்தை அமைத்தவர் ‘கேஷ் கிளியர்’ செய்ய, அதாவது சேமித்து வைத்த பழைய நகலை அழிக்க, ஒவ்வொரு தடவையும் தனிக் கட்டணம் கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பட்டனை அழுத்துகிற வேலை அது. கேஷ் கிளியர் செய்யக் கேஷ் கேட்பது இந்தத் தொழிலின் தீராத வியாதி.

நீங்கள் அட்மினாக லாகின் செய்து பார்க்கிறீர்கள். லாகின் செய்தவருக்குப் பக்கம் அப்போதே தயாராகி வரும்; மற்றவர்களுக்கு முன்பே எடுத்து வைத்த நகல்தான் போகும். எனவே லாகின் இல்லாத இன்காக்னிட்டோ விண்டோவில் சோதியுங்கள்.

வேர்ட்பிரஸ் தளமென்றால் நகல் கேஷ் ப்ளக்இன் என்ற துணை நிரலில் இருக்கும். கிளவுட்ஃபிளேர் மாதிரி சிடிஎன் (தளத்தின் நகலைப் பல ஊர் சர்வர்களில் வைத்துத் தரும் சேவை) போட்டிருந்தால் அங்கேயும் ஒன்று இருக்கலாம். முதலில் ப்ளக்இனில் ‘பர்ஜ்’ (நகலை அழி) கொடுங்கள், அப்புறம் சிடிஎன்னில். மாற்றிச் செய்தால் சிடிஎன் அந்தப் பழைய நகலையே திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளும். நம்பர் முகப்பிலும் இருந்தால் அந்தப் பக்கத்தையும் விடாதீர்கள்.

படம் மட்டும் வேறு கதை. நகலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று பிரவுசருக்குச் சொல்வது ‘மேக்ஸ்-ஏஜ்’. படங்களுக்குப் பலர் அதை 31536000 என்று வைத்துவிடுகிறார்கள். அத்தனை விநாடி என்றால் ஒரு வருடம். ஒருமுறை பார்த்தவரின் போனிலேயே படம் தங்கிவிடும். நீங்கள் எங்கே பர்ஜ் செய்தாலும் அந்தப் போனுக்குள் கை போகாது. ‘பக்கத்தைப் புதிதாக வாங்க கன்ட்ரோல் எஃப்5 அழுத்துங்கள்’ என்று வாடிக்கையாளரிடம் கெஞ்சவா முடியும்? விலை1 என்று இருந்த படத்தை விலை2 என்று பெயர் மாற்றி ஏற்றி, பக்கத்திலும் அந்தப் பெயரைப் போடுங்கள். பெயர் புதிது என்றால் பிரவுசருக்கு அது புதுப் படம். பழைய பெயரிலேயே எத்தனை தடவை ஏற்றினாலும் பயனில்லை.

பக்கத்துக்கு ‘நோ-கேஷ்’ என்ற அமைப்பை வைக்கச் சொல்லுங்கள். அதற்கு ‘சேமிக்காதே’ என்று அர்த்தமில்லை. ‘சேமித்துக்கொள், காட்டும் முன் என்னைக் கேள்’ என்று அர்த்தம். சேமிக்காதே என்பதற்கு ‘நோ-ஸ்டோர்’. பெயர் வைத்த புண்ணியவான்களை என்ன சொல்ல!

அடுத்து தளத்தை அமைத்தவர் ‘ஹோஸ்டிங் (தளம் குடியிருக்கும் சர்வர் இடம்) மாற்றினால்தான் சரியாகும்’ என்பார். நகர வேண்டாம். ஹோஸ்டிங், சிடிஎன் இரண்டும் யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கின்றன என்று மட்டும் கேளுங்கள். அவருடையது என்றால், இந்த வாரமே உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள்.